பெட்டி மாறினால் பாட்டு மாறுமா?

வீம் புரோ என்ற ஸ்ட்ரீமரின் அமெரிக்க வெளியீட்டு விலை 149 டாலர். 2024இல் வந்த வீம் அல்ட்ராவுக்கு 329. இந்தியாவுக்கு வரும்போது வரியும் கடைக்காரர் பங்கும் சேர்ந்து இரண்டுமே இன்னும் ஏறிவிடுகின்றன. இரண்டுக்கும் அடிப்படை வேலை ஒன்றுதான்: இணையத்திலோ வீட்டுக் கணினியிலோ இருக்கும் பாட்டை வைஃபை வழியாகவோ லேன் கேபிள் வழியாகவோ இழுத்து ஆம்ப்ளிஃபயரிடம் ஒப்படைப்பது. வீட்டில் ஏற்கெனவே புரோ ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் புதியதைப் பார்த்தால் கை பரபரக்கிறது. ஹைஃபை பித்துப் பிடித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அல்ட்ரா வாங்கிய நண்பர் ஒருவர் வெளிநாடு போனபோது பெட்டியை என்னிடம் விட்டுப்போனார். இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் செருகி, அடுத்தடுத்து நிதானமாகக் கேட்க முடிந்தது. கடையில் ஏசி இரைச்சலுக்கு நடுவே, விற்பனையாளர் தோளுக்குப் பின்னால் நிற்க, பத்து நிமிடம் கேட்டு முடிவெடுப்பது வேறு. சொந்த அறையில், சொந்த ஸ்பீக்கரில் கேட்பது வேறு.

என் செட் நடுத்தரமானது. மராண்ட்ஸ் பிஎம்6007 ஆம்ப்ளிஃபயர், 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனல் ஒன்றுக்கு 45 வாட். கேஈஎஃப் கியூ150 புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள். சென்னை அடுக்ககத்தின் 14 அடிக்கு 11 அடி அறை. நாலு பக்கமும் பூசிய சுவர், தரையில் டைல்ஸ், தலைக்கு மேல் மின்விசிறி. ஒலிக்கென்றே தனி அறை கட்டியவர்களின் கவலைகள் வேறு. அவர்கள் இந்தக் கட்டுரையைத் தாண்டிப் போகலாம்.

கையில் எடுத்தவுடனேயே அல்ட்ரா மனதைப் பிடித்துவிடுகிறது. புரோ பிளாஸ்டிக் பெட்டி. 5 வோல்ட் அடாப்டரில் ஓடுவது. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஒளித்துவைத்தால் யாரும் தேடமாட்டார்கள். அல்ட்ராவுக்கு அலுமினிய உடல், முன்பக்கம் 3.5 அங்குலத் தொடுதிரை, பக்கத்தில் திருகும் குமிழ். திரையில் ஆல்பத்தின் அட்டைப்படம் வருகிறது. ஊசி ஆடும் வியூ மீட்டரும் உண்டு. அதற்குப் பயன் ஏதும் இல்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்பக்கம் எச்டிஎம்ஐ ஏஆர்சி, ரெக்கார்டு பிளேயருக்கான ஃபோனோ இன்புட், சப்வூஃபர் அவுட், யூஎஸ்பி துளை என்று இடமே மிச்சமில்லை. உள்ளே டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் டாக் சிப்பும் ஒரு படி மேல்: புரோவில் பர்-பிரவுன் வகையைச் சேர்ந்த பழைய சிப், அல்ட்ராவில் ஈஎஸ்எஸ் நிறுவனத்தின் 9038 வரிசைச் சிப். அளவுக் கருவியில் வைத்தால் அல்ட்ராவின் அனலாக் வெளியீடு புரோவைத் தெளிவாக ஜெயிக்கும். அதில் சந்தேகம் வேண்டாம்.

காதில் வைத்தால்?

இங்கே ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் ஸ்ட்ரீமரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கம்பி எது? சிவப்பு வெள்ளை ஆர்சிஏ கம்பி என்றால் ஸ்ட்ரீமரின் டாக் வேலை செய்கிறது. ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் கம்பி என்றால் ஸ்ட்ரீமருக்குள் இருக்கும் சிப் சும்மா இருக்கிறது. எண்கள் அப்படியே வெளியே போகின்றன. பிஎம்6007க்குள்ளேயே ஏகேஎம் 4490 என்ற நல்ல டாக் சிப் இருக்கிறது. என் புரோ ஆப்டிகல் வழியாகத்தான் அதனோடு பேசுகிறது. ஆகவே அல்ட்ராவின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் சிப், என் வீட்டில் நான் கம்பியை மாற்றினால் ஒழிய வேலைக்கே வராது. இப்படி வெளி டாக் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஸ்ட்ரீமர் வெறும் தபால்காரர். தபால்காரர் புது வண்டி வாங்கினால் கடிதத்தின் கையெழுத்து திருந்திவிடாது.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நெட்வொர்க்கிலேயே ஒலியின் தரம் கெட்டுவிடுகிறது என்று நம்பி, அதற்கென்றே செய்த லேன் கேபிளும் நெட்வொர்க் சுவிட்சும் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நடப்பது இதுதான். பாட்டு துண்டு துண்டாகப் பொட்டலம் கட்டி வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்தையும் சரிபார்க்க அதிலேயே ஒரு கூட்டுத்தொகை இருக்கிறது. கெட்டுப்போனதும் வராததும் திரும்ப அனுப்பப்படும். வந்து சேர்ந்தவை ஸ்ட்ரீமரின் நினைவகத்தில் வரிசையாக நிற்கும். அங்கிருந்து ஸ்ட்ரீமரின் கடிகாரம் சொல்லும் வேகத்தில் வெளியேறும். வைஃபையை அணைத்துவிட்டு, லேன் கேபிளில் பாட்டு ஓடும்போது அந்தக் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். பாட்டு நிற்காது, நினைவகத்தில் இருப்பது தீரும்வரை பாடிக்கொண்டே இருக்கும். கேபிள் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் ஒலி துளியாவது மாறியதா என்று கேளுங்கள். காசில்லாத சோதனை.

கடிகாரத்தின் நடுக்கம், அதாவது ஜிட்டர், அடுத்த வாதம். நடுக்கம் உண்மையில் உண்டு, அளக்கவும் முடியும். ஜப்பானிய ஆய்வாளர் அஷிஹாராவும் குழுவினரும் 2005இல் வெளியிட்ட சோதனையில், இசையோடு சேர்த்துக் கேட்கும்போது நடுக்கம் பல நூறு நானோ விநாடிகள் ஆனால்தான் கேட்பவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது. இன்றைய மலிவு ஸ்ட்ரீமரிலும் நடுக்கம் அதைவிட எத்தனையோ மடங்கு குறைவு.

அடுத்து, இரண்டின் அனலாக் வெளியீடுகளையும் நேருக்கு நேர் வைத்தேன். இப்படிச் செய்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி ஒன்று உண்டு: ஒலியளவைச் சமன் செய்வது. இரண்டில் ஒன்று 0.3 டெசிபெல் கூடுதலாக ஒலித்தால் அதைக் ‘கூடுதல் சத்தம்’ என்று காது சொல்லாது; ‘தெளிவு’, ‘உயிர்’, ‘ஆழம்’ என்று சொல்லும். விமர்சனங்களில் வாசிக்கும் பாதி உரிச்சொற்களின் பிறப்பிடம் இதுதான் என்பது என் எண்ணம். சமன் செய்ய விலை உயர்ந்த கருவி வேண்டாம். 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் சாதாரண மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்தால் போதும். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம். மலிவு மீட்டர்கள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அளக்கச் செய்தவை, மேலே போகப் போகப் பொய் சொல்லும். இரண்டு அளவும் 1 சதவீதத்துக்குள் ஒத்துவந்தால் வித்தியாசம் 0.1 டெசிபெல்லுக்குள் அடங்கும்.

ரிமோட்டை அக்கா மகனிடம் கொடுத்தேன். பதினோராம் வகுப்பு, இயற்பியலில் கெட்டி, ஹைஃபை என்றால் கேலி. எனக்குத் தெரியாமல் அவன் இன்புட்டை மாற்ற வேண்டும், அல்லது மாற்றியதுபோல் பாவனை செய்ய வேண்டும். இளையராஜாவின் 1986 ஆல்பமான ‘ஹவ் டு நேம் இட்’டிலிருந்து வயலின் கூட்டம் சேர்ந்து எழும் இடங்கள், வீணைத் தனி ஒன்று, பெண் குரல் ஒன்று. முதலில் நான் நம்பிக்கையோடு சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் முகத்தில் ஒன்றும் காட்டாமல் பட்டியலில் குறித்துக்கொண்டிருந்தான். கடைசியில் தாளைத் திருப்பிக் காட்டினான்.

“மாமா, காசு சுண்டிப் போட்டிருந்தாலும் இதே மார்க்தான் வந்திருக்கும்.”

அல்ட்ராவின் மேலான சிப் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. கணக்கு வேறு இடத்தில் அடிபடுகிறது. 16 பிட் சிடி தரத்துக்கே சுமார் 96 டெசிபெல் வீச்சு உண்டு. சென்னை மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்க யாராலும் முடியாது; விசிறியும் தெருவும் சேர்ந்து அறையில் 40 டெசிபெல் அளவுக்கு இரைச்சல் எப்போதும் இருக்கும். அடுக்ககத்தில் அண்டை வீட்டார் கதவைத் தட்டாத அளவில் கேட்டால், மேலே உச்சம் 90ஐ ஒட்டி நிற்கும். மிஞ்சுவது 50 டெசிபெல். போதாததற்கு, ஆழமான பேஸில் ஸ்பீக்கர் தானே சேர்க்கும் திரிபு டாக் சிப்பின் திரிபைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. சிப் சண்டை நடக்கும் தளம் நம் காது இருக்கும் தளத்துக்குப் பல மாடிகள் கீழே.

சிடி தரத்துக்கு மேலான ஹை-ரெஸ் பற்றியும் இதையேதான் சொல்வேன். மேயரும் மோரானும் 2007இல் அமெரிக்க ஒலிப் பொறியியல் கழகத்தின் இதழில் எழுதிய சோதனை பிரபலம்: உயர்தர ஒலியைச் சிடி தரத்துக்கு இறக்கி ஏற்றும் கருவியை நடுவில் வைத்து, வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டார்கள். 554 முறை கேட்டதில் சரியான விடை 276, அதாவது 49.8 சதவீதம். அதை எதிர்த்தும் கட்டுரைகள் வந்திருக்கின்றன, விவாதம் முடியவில்லை. ஆனால் இவ்வளவு தேடிப் பிடிக்க வேண்டிய வித்தியாசத்துக்காக ஸ்ட்ரீமர் மாற்றத் தேவையில்லை. தவிர, புரோவே 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் வரை தாராளமாக வாசிக்கும்.

ஒலியை ஓரமாக வைத்துவிட்டால்தான் இந்த இரண்டு பெட்டிகளின் உண்மையான வித்தியாசம் தெரியத் தொடங்குகிறது. அது நம் ஊர்க் கேட்பவரை நேராகத் தாக்கும் வித்தியாசம்: புரோவில் ஐபோனிலிருந்து பாட்டை அனுப்பும் ஏர்ப்ளே 2 உண்டு. அல்ட்ராவில் இல்லை.

விலை கூடிய பெட்டியில், விலை குறைந்த பெட்டியில் இருக்கும் வசதி இல்லை. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருப்பவர்களுக்கு இது சின்னக் குறை. அவர்கள் டைடல், கோபஸ் போன்ற சேவைகளை வீம் செயலிக்குள்ளிருந்தே திறந்து, ஸ்ட்ரீமர் தானே இணையத்திலிருந்து இழுக்கும்படி வைத்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டுக்கும் இந்தியாவில் அதிகாரப்பூர்வச் சேவை கிடையாது. இங்கே இழப்பில்லாத தரத்தில் தமிழ்ப் பாடல்கள் வேண்டும் என்றவர்களுக்குப் பல ஆண்டுகளாக முதன்மையான வழி ஆப்பிள் மியூசிக். 2021இல் கூடுதல் கட்டணமில்லாமல் லாஸ்லெஸ் கொடுக்கத் தொடங்கிய சேவை அது. ஆனால் வீம் செயலிக்குள் ஆப்பிள் மியூசிக் கிடையாது. ஐபோனிலிருந்து ஏர்ப்ளேயில் அனுப்ப வேண்டும். புரோவில் ஒரே தொடுதல். அல்ட்ராவில் புளூடூத்துக்கு இறங்க வேண்டும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் தப்பித்தார்கள். அங்கே ஆப்பிள் மியூசிக் செயலியில் கூகுள் காஸ்ட் பொத்தான் இருக்கிறது, அல்ட்ராவும் அதை ஏற்றுக்கொள்ளும்.

இன்னொன்று, கச்சேரி கேட்பவர்களுக்கு. பழைய வானொலிப் பதிவுகள், சபா பதிவுகள், ரசிகர்கள் டேப்பிலிருந்து ஏற்றியவை என்று கர்நாடக இசையின் பெரும் புதையல் யூடியூபில்தான் கிடக்கிறது. ஒலி மட்டும் தரும் காஸ்ட் கருவிக்கு யூடியூப் செயலியிலிருந்து நேரடியாக அனுப்ப முடியாது. யூடியூப் மியூசிக்கிலிருந்துதான் முடியும். மூன்று மணி நேர மதுரை மணி ஐயர் பதிவு அங்கேயும் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஏர்ப்ளே இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை; ஐபோனில் ஓடுவது எதுவானாலும் ஸ்பீக்கரில் ஒலிக்கும். ஏர்ப்ளே சிடி தரத்துக்கு மேல் போகாது என்று முகம் சுளிப்பவர்களுக்கு: அந்தக் கச்சேரி முதலில் பதிவானது வீட்டு டேப் ரெக்கார்டரில்.

ஸ்பாடிஃபை மட்டும் கேட்பவர்களுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. ஸ்பாடிஃபை கனெக்ட் இரண்டு பெட்டியிலும் உண்டு. 2025 செப்டம்பரில் அவர்களும் லாஸ்லெஸ் தொடங்கிவிட்டார்கள். இந்தியாவில் அது பிளாட்டினம் என்ற மேல்தட்டுத் திட்டத்தில் வருகிறது.

பாட்டுகளுக்கு இடையில் இடைவெளி விழாமல் ஓடும் கேப்லெஸ் வசதியையும் நம்மவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எந்த ஸ்ட்ரீமரையும் வாங்க வேண்டும். சினிமாப் பாட்டுக்கு இது தேவையில்லை. ராகம் தானம் பல்லவி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சிடியில் ஆலாபனை ஒரு டிராக், தானம் ஒரு டிராக், பல்லவி ஒரு டிராக், தனி ஆவர்த்தனம் ஒரு டிராக் என்று வெட்டியிருப்பார்கள். பாடகர் நிறுத்தவில்லை, தம்புரா நிற்கவில்லை. ஆனால் ஸ்ட்ரீமர் அரை விநாடி மூச்சு விட்டுவிட்டு அடுத்த டிராக்கைத் தொடங்கினால் அந்த மண்டபமே இடிந்து விழுந்ததுபோல் இருக்கும். வீட்டுக் கணினியில் சேமித்த ஃபிளாக் கோப்புகளை வைத்துப் பார்த்ததில் புரோ, அல்ட்ரா இரண்டிலும் தம்புரா அறுபடவில்லை. அதே கோப்புகளைப் போனில் உள்ள வேறொரு செயலியிலிருந்து காஸ்ட் செய்தபோது அறுபட்டது. குற்றம் பெட்டியின் மேல் அல்ல, அனுப்பும் வழியின் மேல்.

கோப்புகள் என்றதும் அல்ட்ராவுக்கு ஒரு மதிப்பெண் போட்டாக வேண்டும். அதன் யூஎஸ்பி துளையில் பென்டிரைவையோ ஹார்டு டிஸ்க்கையோ செருகினால் நூலகம் தயார். புரோவில் அந்தத் துளை இல்லை. பாட்டுக்காக ஒரு கணினியோ நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியோ எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். ஒரு சிடியை ஃபிளாக்காக மாற்றினால் 300, 400 எம்பி ஆகும். 500 சிடி வைத்திருப்பவரின் முழுச் சேகரமும் 256 ஜிபி பென்டிரைவில் அடங்கிவிடும். அலமாரியில் சிடிகள் தூசி படிந்து கிடக்கும் வீடுகளுக்கு, அல்ட்ராவின் திரையையும் சிப்பையும்விட இந்தத் துளை பெரிது.

சிடிகளைத் தூக்கிப் போட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1980களின் தமிழ்ப் பாட்டு ஒன்றை எந்தச் சேவையிலாவது தேடிப் பாருங்கள். படத்தின் பெயரில் ஒன்று, பாடகரின் பெயரில் தொகுப்பு ஒன்று, ‘மழைக்காலப் பாடல்கள்’ என்று ஒன்று, வேறு நிறுவனத்தின் பெயரில் இன்னொன்று என்று நாலைந்து வரும். எல்லாம் ஒரே பாட்டுத்தான், ஒரே பதிவு இல்லை. ஒன்றில் டேப்பின் இரைச்சலை நீக்கப் போய் ஜாலராவின் கூர்மையையும் நீக்கியிருப்பார்கள். ஒன்றில் சத்தத்தை ஏற்றி ஏற்றி, தபேலா விழும் ஒவ்வொரு முறையும் குரல் பதுங்கும். ஒன்றில் சுருதியே அரைக்கால் ஏறியிருக்கும். டேப் ஓடிய வேகம் தப்பு. ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகளுக்கு இடையே இருக்கும் தூரத்தைக் கேட்க அக்கா மகனும் வேண்டாம், மல்டிமீட்டரும் வேண்டாம், அடுக்களையிலிருந்தே தெரியும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, பிடித்த பாட்டுகளுக்கு எந்தப் பதிப்பு நல்லது என்று தேடிப் பட்டியல் போட்டால், அந்தப் பட்டியல் இரண்டு பெட்டிகளின் விலை வித்தியாசமான 180 டாலருக்கு மேல் பெறும்.

அறையும் அப்படித்தான். 14 அடி நீள அறையில், சுவருக்கும் சுவருக்கும் இடையே 40 ஹெர்ட்ஸ் ஒலி நின்றுவிடும். 11 அடி அகலத்துக்கு 51 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்புகள் 80லும் 102லும். இந்த இடங்களில் பேஸ் பல டெசிபெல் வீங்கும். நாற்காலியைச் சில அடி நகர்த்தினால் அதே ஸ்வரம் காணாமல் போகும். மிருதங்கத்தின் தொப்பி சில ஊர்களில் ‘தொம்’ என்றும் சில ஊர்களில் ‘தூம்ம்ம்’ என்றும் கேட்பதற்கு ஊரோ வித்வானோ காரணமில்லை. பவானி ஜமுக்காளத்தை விரித்தால் டைல்ஸின் கணகணப்பு குறையும், உயர் ஸ்வரங்கள் அடங்கும். பேஸுக்கு அது போதாது. பஞ்சு மெத்தை, நிறைந்த புத்தக அலமாரி, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுப்பது, இவையெல்லாம் கொஞ்சம் உதவும். மீதிக்கு ரூம் கரெக்‌ஷன்.

வீம் இதை ரூம்ஃபிட் என்ற பெயரில் கொடுக்கிறது. ஸ்பீக்கர் ஒரு வீச்சொலியை எழுப்பும், போனின் மைக் கேட்கும், செயலி கணக்குப் போட்டு வீங்கிய இடங்களை வெட்டும். ஐபோன்களின் மைக் ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பதால் கணக்கு நம்பும்படி வருகிறது. ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் வேறுபடும். திருத்தத்தை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. முழு வீச்சுக்கும் திருத்தினால் நல்ல ஸ்பீக்கரின் குணமே போய்விடும். திருத்தத்துக்குப் பிறகு என் அறையில் கேட்ட மாற்றம்தான் இத்தனை நாள் சோதனையில் கேட்ட ஒரே பெரிய மாற்றம். தொப்பியின் வால் சுருங்கியது. அதன் கீழே மறைந்திருந்த கடத்தின் அடி மேலே வந்தது. இந்த வசதி மென்பொருள் அப்டேட்டாக வந்தது, புரோவுக்கும் சேர்த்துத்தான். ஏற்கெனவே கையில் இருக்கும் பெட்டியில், பைசா செலவில்லாமல்.

எனவே ஒலிக்காக மாற்ற வேண்டாம் என்பது என் தீர்ப்பு. வேறு எதற்காக மாற்றலாம்?

ஸ்ட்ரீமர் என்பது கணினி. ஆம்ப்ளிஃபயர் 30 ஆண்டு ஓடும், ஸ்பீக்கர் அதற்கு மேலும் ஓடும். ஸ்ட்ரீமரின் ஆயுளை முடிவு செய்வது அதன் மென்பொருள். 2015இல் வந்த குரோம்காஸ்ட் ஆடியோவை நினைத்துப் பாருங்கள். கைக்குள் அடங்கும் வட்டு, மலிவு விலை, 96 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி. 2019 ஜனவரியில் கூகுள் தயாரிப்பை நிறுத்தியது. வைத்திருந்தவர்கள் தொடர்ந்து பாட்டுக் கேட்டார்கள். 2025 மார்ச் 9ஆம் தேதி உலகம் முழுவதும் அவை ஒன்றாக நின்றன. உள்ளே ஒரு பழுதும் இல்லை. பத்து ஆண்டுக்கு என்று போட்டிருந்த பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. கூகுள் சில நாட்களில் சரிசெய்தது என்பது வேறு விஷயம். சரிசெய்யாமல் விட்டிருந்தால் அத்தனையும் அன்றோடு குப்பை.

இதற்கு எதிர்முனையில் ஸ்க்வீஸ்பாக்ஸ். லாஜிடெக் அந்த வரிசையை 2012இல் நிறுத்தியது. ஆனால் அதன் சர்வர் மென்பொருள் திறந்த மூலம். ஆர்வலர்கள் அதை விடாமல் வளர்த்து, இன்று லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். லாஜிடெக் தன் இணையச் சேவையை 2024இல் மூடிய பிறகும் பழைய ஸ்க்வீஸ்பாக்ஸ்கள் பாடுகின்றன. ஸ்ட்ரீமர் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது சிப் எண்ணை அல்ல. நிறுவனம் போய்விட்டாலும் இந்தப் பெட்டியோடு பேச வேறு வழி இருக்கிறதா என்பதை. வீம் பெட்டிகள் டிஎல்என்ஏ போன்ற பொது முறைகளையும் பேசும். லிரியனோடும் சேர்ந்து வேலை செய்யும். அது ஓர் ஆறுதல். இன்னும் சுதந்திரம் வேண்டுமென்றால் ராஸ்பெர்ரி பையில் ஒரு டாக் பலகையைச் செருகி, மூட் ஆடியோவோ வாலூமியோவோ ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் மற்றவர்களும் பாட்டுக் கேட்கிறார்கள் என்பதை மறக்காமல் அதில் இறங்க வேண்டும்.

ஆக, உங்கள் பெட்டிக்கு அப்டேட் நின்றுவிட்டது, அல்லது நீங்கள் கேட்கும் சேவை அதில் வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்றால் மாற்றுங்கள், யோசிக்க வேண்டாம். புரோவுக்கு அந்த நிலை வரவில்லை.

மற்றபடி அல்ட்ரா யாருக்கு? ஹாலில் டிவியும் ஸ்டீரியோவும் ஒன்றாக இருக்கும் வீட்டுக்கு. எச்டிஎம்ஐ ஏஆர்சியில் செருகினால் டிவி ரிமோட்டே ஒலியளவைக் கூட்டும், குறைக்கும். சவுண்ட்பார் வாங்கும் காசு மிச்சம். ரெக்கார்டு பிளேயர் வாங்கி, ஃபோனோ இல்லாத ஆம்ப்ளிஃபயரோடு தவிப்பவருக்கு. என் மராண்ட்ஸில் ஃபோனோ இருப்பதால் எனக்கு அது உதவவில்லை. வெளி டாக்குக்கு யூஎஸ்பி வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்பவருக்கு. முதல்முறையாக ஸ்ட்ரீமர் வாங்கும், ஐபோன் இல்லாத வீட்டுக்கும் தாராளமாகச் சொல்வேன். ஏர்ப்ளேயும் வேண்டும், புரோவைவிட மேலானதாகவும் வேண்டும் என்பவர்கள் புளூசவுண்ட் நோட், கேம்பிரிட்ஜ் ஆடியோ எம்எக்ஸ்என்10 பக்கம் பார்க்கலாம். இரண்டிலும் ஏர்ப்ளே 2 உண்டு, விலை இன்னும் ஏறும். எதை வாங்கினாலும், திரை இருக்கும் பெட்டி என்றால் கடையிலேயே தமிழில் பெயரிட்ட பாட்டு ஒன்றைப் போட்டு, கொம்பும் காலும் சரியான எழுத்தோடு ஒட்டி நிற்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

நண்பர் ஊர் திரும்பியதும் அல்ட்ராவை அவரிடம் கொடுத்துவிட்டேன். புரோ அதன் இடத்துக்கே போனது. அல்ட்ராவில் எனக்கு உண்மையில் ஆசையைக் கிளப்பியது சப்வூஃபர் அவுட்தான். 5.25 அங்குல கியூ150க்கு எட்டாத ஆழமான பேஸை வெட்டி சப்வூஃபருக்கு அனுப்பி, மேலே உள்ளதை மட்டும் ஸ்பீக்கருக்கு விடும் பேஸ் மேனேஜ்மென்ட் அதில் இருக்கிறது. சின்ன ஸ்பீக்கரின் சுமையை அது நன்றாக இறக்கும். சப்வூஃபர் வாங்கும் நாள் வந்தால் அல்ட்ராவின் கணக்கை மறுபடி திறப்பேன். அப்போதும் புரோவை விற்கப் போவதில்லை. அதன் ஆப்டிகல் கம்பியை அல்ட்ராவின் ஆப்டிகல் இன்புட்டில் செருகிவிட்டால், இல்லாத ஏர்ப்ளே வந்துவிடும்.